கனடாவில் முதல் ஆறு மாதங்களுக்கான கணக்கு

ரொறன்ரோவில் சீவிக்க மாதம் எவ்வளவு காசு வேண்டும் என்று, இங்கே வர ஆயத்தமாகும் உறவினர்களும் நண்பர்களின் பிள்ளைகளும் என்னிடம் கேட்கிறார்கள். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு அது இயல்பான கேள்விதான்; ஒரேயோர் எண்ணைச் சொன்னால் அவர்கள் மனம் ஆறும். ஆனால் புதிதாக வந்திறங்குவோரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, ஒரு மாதச் செலவைச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது நியாயமாகப் படவில்லை. பத்து ஆண்டுகளாக இங்கே இருப்பவருக்கும் போன மாதம் வந்தவருக்கும் வீடோ, கைத்தொலைபேசியோ, கார்க் காப்புறுதியோ ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. இந்த நாட்டில் ஒருவரைப் பற்றிய பதிவுகள் உருவாகும்வரை, அவர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கூடுதலாகவோ முன்கூட்டியோ பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு வரவேண்டிய பணமோ பிந்தித்தான் வருகிறது. ஆகவே முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு கணக்கும் அதற்குப் பிந்திய வாழ்க்கைக்கு வேறொரு கணக்கும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

அரசாங்கத்தின் எண்களும் இதையே காட்டுகின்றன. மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஓராண்டுச் சீவியத்துக்கென 10,000 டொலர் காட்டினால் போதும் என்ற விதி 2000களின் தொடக்கத்திலிருந்து மாறாமலே இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 ஆகவும், 2025 செப்ரெம்பர் 1 முதல் 22,895 ஆகவும் உயர்ந்தது. தொகை ஒரேயடியாக இரட்டித்தபோது, ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவை அடைக்கிறார்கள் என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் பழைய தொகையை நம்பி வந்த பிள்ளைகள் ஓர் அறையில் நான்கைந்து பேராகப் படுத்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு வகுப்புக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு, அந்த உயர்வு இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

இந்த 22,895 டொலர் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெருநகரில் வாழும் தனியொருவருக்குக் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் வகுக்கும் குறைந்த வருமான எல்லையின் முக்கால் பங்கே அது. நிரந்தர வதிவிட உரிமையோடு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் திறனாளர் தேர்வு முறை வழியாக வருபவர்கள் காட்ட வேண்டிய தொகை அதே எல்லையின் அரைப் பங்குதான்: 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டபடி தனியொருவருக்கு 15,263 டொலர், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 28,362 டொலர். அதாவது, வறுமைக்கு மிக அண்மையான நிலையில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை தாக்குப்பிடிக்கப் போதுமான பணத்தையே அரசாங்கம் கேட்கிறது. விசாக் கிடைப்பதற்கான கீழெல்லை இது. சுகமாகக் குடியேறுவதற்கான தொகை என்று ஒருவரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பணத்தின் ஒரு பகுதி விமானம் ஏறுமுன்னரே கரைந்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நிரந்தர வதிவிடத்துக்கு வளர்ந்தவர் ஒருவர் கட்ட வேண்டிய கட்டணம் 2024 ஏப்ரல் 30இல் 1,525 டொலராக உயர்ந்தது. மொழித் தேர்வு, கல்விச் சான்று மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதற்கு மேலே. மாணவர்கள் பெரும்பாலும் தங்கள் சீவியப் பணத்தைக் கனேடிய வங்கியொன்றில் ஜி.ஐ.சி. என்னும் உத்தரவாத வைப்பாக இட்டுவிட்டு வருகிறார்கள். வந்ததும் அதில் ஒரு சிறு பகுதிதான் கைக்கு வரும்; மீதி மாதத் தவணைகளாகவே கிடைக்கும். கணக்கில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தும், முதற்கிழமையில் வாடகை வீட்டுக்குக் கட்டக் காசில்லாமல் நிற்கும் நிலை இதனால்தான் உண்டாகிறது. எனவே வைப்புப் பணத்தைத் தவிர, முதல் இரண்டு மாதங்களுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய வகையில் கொண்டுவர வேண்டும். 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ காசாகக் கொண்டுவந்தால், விமான நிலையத்தில் எல்லை அதிகாரியிடம் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி எதுவும் இல்லை, அறிவிக்காவிட்டால் பணம் பறிமுதலாகலாம்.

செலவுகளில் மிகப் பெரியது வாடகை. ரொறன்ரோவில் ஒரு படுக்கையறை கொண்ட தொடர்மாடி வீட்டை இன்று புதிதாக வாடகைக்கு எடுப்பவர் மாதம் 2,000 டொலருக்கு மேல் கொடுக்க நேரிடுகிறது. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்ரோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 3,050 டொலர் வரும். வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலைக் காப்புறுதி ஆகியன கழிந்து கையில் வருவது 2,500 டொலரை ஒட்டியே இருக்கும். மாணவர்கள் படிக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். இந்த வருமானத்தில் தனி வீடு என்பது நடக்காத காரியம். அதனால்தான் நம்மவர் பெரும்பாலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும், அண்மை நகர்களான மார்க்கம், பிரம்ரன் ஆகியவற்றிலும் யாராவது ஒருவருடைய வீட்டு நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள்.

வாடகையின் அளவை விடவும் புதியவரை வாட்டுவது வாடகைக்கு முன் கேட்கப்படும் தாள்கள்தான். கடன் வரலாற்று அறிக்கை, வேலைக் கடிதம், முந்திய வீட்டுக்காரரின் பரிந்துரை ஆகிய மூன்றையும் ஒரு முகவர் கேட்பார். வந்து இரண்டு கிழமையானவரிடம் மூன்றில் ஒன்றும் இராது. "அப்படியென்றால் ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தாருங்கள்" என்பதே அடுத்த பேச்சு. இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்றை மட்டுமே. வீடு பழுதானால் ஈடுசெய்வதற்கென வைப்புக் கேட்பது சட்டவிரோதம். திறப்புக்கு வைப்பு வாங்கலாம், அதுவும் புதுத் திறப்புச் செய்யும் செலவுக்கு மேற்படாமல், திருப்பித் தரும் நிபந்தனையோடு. வைத்திருக்கும் கடைசி மாத வாடகைக்கு அவர் ஆண்டுதோறும் வட்டியும் கொடுக்க வேண்டும். முதல் மாதமும் கடைசி மாதமுமாக இரண்டு மாத வாடகையைக் கையளிப்பது வழமை. 1,600 டொலர் வாடகையென்றால், படுக்க ஒரு மெத்தை வாங்கும் முன்னரே 3,200 டொலர் போய்விடும். அதற்கு மேல் கேட்பவரிடம் சட்டம் இதுதான் என்று பணிவாகச் சொல்லலாம். சொன்னால் வீடு கிடைக்காமல் போகலாம் என்பதும் உண்மை. அதனாலேயே வங்கி இருப்புச் சான்று, நியமனக் கடிதம், ஊரிலுள்ள வேலைத்தலத்தின் கடிதம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எடுத்துவருவதும், இங்கே நெடுங்காலம் இருக்கும் உறவினர் ஒருவரைப் பிணை நிற்கக் கேட்பதும் உதவியாகின்றன. ஏற்கெனவே இங்கே காலூன்றியவர்கள் புதியவருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இந்தப் பிணைக் கையொப்பத்தை விடப் பெறுமதியானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பார்க்காமல் இணையப் படத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பேஸ்மென்ற்றை எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை வேறு சில உள்ளன. தீப்பற்றினால் வெளியேறத் தனி வழியோ, ஆள் நுழையக்கூடிய சாளரமோ இருக்கிறதா? புகை எச்சரிப்புக் கருவியும் காபன் மொனொக்சைட் எச்சரிப்புக் கருவியும் வேலை செய்கின்றனவா? வெப்பமூட்டியின் கட்டுப்பாடு மேல்மாடியில் மட்டும் இருந்தால், ஜனவரி மாதத்தில் கீழே குளிர்ந்தால் யாரிடம் பேசுவது? ஹைட்ரோ என்று இங்கே சொல்லப்படும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகியவை வாடகைக்குள் அடக்கமா, அல்லது மொத்தக் கட்டணத்தில் இத்தனை வீதம் என்று பிரிக்கிறார்களா? இவற்றையெல்லாம் 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையிலுள்ள மாகாணத்தின் நியம வாடகை ஒப்பந்தப் படிவத்தில் எழுதி வாங்க வேண்டும். உறவுக்காரர் வீடுதானே என்று வாய்ப்பேச்சில் விடுவது உறவையும் சேர்த்தே கெடுத்துவிடுகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வீட்டுச் சொந்தக்காரருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தவருடனோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய ஏற்பாட்டில் ஓர் அறையை எடுத்தால், மேற்சொன்ன வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திடீரென வெளியேறச் சொன்னால் முறையிட வாடகைத் தீர்ப்பாயம் இல்லை என்று தெரிந்தே எடுக்க வேண்டும். புத்தம்புதிய தொடர்மாடிகளை விரும்புவோருக்கும் ஒரு சொல்: ஆண்டு வாடகை உயர்வுக்கு மாகாணம் விதிக்கும் உச்சவரம்பு (2025இல் 2.5 வீதம், 2026இல் 2.1 வீதம்), 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியிருப்புக்கு வந்த வீடுகளைக் கட்டுப்படுத்தாது. முதலாம் ஆண்டு கட்டுப்படியான வாடகை இரண்டாம் ஆண்டு எவ்வளவுக்கும் ஏறலாம்.

கடன் வரலாறு பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊரில் ஒருவர் இருபது ஆண்டுகள் வங்கியில் நல்ல பெயரோடு இருந்திருக்கலாம். ஈக்குவிபாக்ஸ், ரான்ஸ்யூனியன் ஆகிய இங்குள்ள இரண்டு கடன் பதிவு நிறுவனங்களிலும் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இராது. அதன் விளைவுகள் சின்னச் சின்னதாகத் தொடங்கும். கைத்தொலைபேசியைத் தவணையில் தரமாட்டார்கள். கார்க் கடனுக்கு மற்றவர்களை விடக் கூடிய வட்டி கேட்பார்கள். இதற்கு மருந்து ஒன்றே: வந்த முதற்கிழமையிலேயே வங்கிக் கணக்கோடு புதுக்குடியேறிகளுக்கான கடனட்டையொன்றையும் கேட்டு வாங்குவது, கிடைக்காவிட்டால் சில நூறு டொலரை ஈடாக வைத்துப் பெறும் பாதுகாப்புக் கடனட்டையை எடுப்பது. அதன் எல்லையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பாவிக்காமல், மாதாமாதம் முழுத்தொகையையும் உரிய நாளுக்கு முன் கட்டிவந்தால், ஆறு மாதங்களில் கடன் நம்பகத்தைக் காட்டும் ஒரு புள்ளி உருவாகத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று கூற்றில் போட்டிருப்பதை நம்பினால், 20 வீதத்தை ஒட்டிய ஆண்டு வட்டி பின்தொடரும்.

வங்கி கடன் தராத காலத்தில் நம்மவருக்குக் கைகொடுப்பது சீட்டு. கடன் பதிவு கேட்காமல், கையொப்பமும் கேட்காமல், முகத்தை நம்பி ஒரு மொத்தத் தொகையைத் தரும் இந்த ஏற்பாட்டால் வீடு வாங்கியவர்களும் கடை தொடங்கியவர்களும் ஸ்காபரோவில் பலர் இருக்கிறார்கள். அதை இழிவாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் வந்த ஆறு மாதங்களுக்குள் சீட்டில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். அவசரத்தில் கூடிய கழிவு கேட்டு முதலில் எடுப்பவர்கள் புதியவர்களே. வேலை போனால் மாதக் கட்டுப்பணத்துக்கு வழியில்லை. ஒழுங்காகக் கட்டினாலும் அது கடன் வரலாற்றில் ஒரு வரியும் ஏறாது. சீட்டு முறிந்தால் எழுத்தில் ஆதாரமும் இராது.

போக்குவரத்து வாடகையோடு பின்னிப் பிணைந்தது. ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் பேருந்திலும் சுரங்க ரயிலிலும், பணம் ஏற்றிப் பாவிக்கும் பிரெஸ்ரோ அட்டைப்படி ஒரு பயணத்துக்கு 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை முறையும் மாறிக்கொள்ளலாம். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து, ரி.ரி.சி.யிலிருந்து யோர்க், டூரம், மிசிசாகா, பிரம்ரன் பேருந்துகளுக்கு மாறும்போது இரண்டாம் கட்டணம் கட்டத் தேவையில்லை. எல்லைக்கு அப்பால் வீடெடுத்து நகருக்குள் வேலைக்குப் போகும் எளியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாத அட்டை 156 டொலர். மாதத்தில் 47 பயணங்களுக்கு மேல் போகாதவருக்கு அதனால் இலாபமில்லை.

ஆனால் புதியவருக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பேருந்து அரிதாகச் செல்லும் பண்டகசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும், அதுவும் இரவு நேரத்தில்தான். அங்கே கார் தேவைப்படுகிறது. காரின் விலையை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். காப்புறுதியைக் கணக்கிடுபவர் குறைவு. கனேடிய ஓட்டுநர் வரலாறு இல்லாத ஒருவருக்கு மாதக் காப்புறுதி பல நூறு டொலராக வருவது சாதாரணம், வசிக்கும் இடத்தின் அஞ்சற் குறியீட்டுக்கேற்ப அது ஏறி இறங்கும். இலங்கையிலோ இந்தியாவிலோ பல ஆண்டுகள் வாகனம் ஓட்டியவர்கள், புறப்படுமுன் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கிய அலுவலகத்திடமிருந்து, எந்த ஆண்டு முதல் அனுமதி பெற்றிருக்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை எடுத்துவர வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் படிப்படியாக முழு அனுமதி தரும் ஒன்ராறியோவின் சாரதித் தேர்வுகளில் காத்திருக்கும் காலம் மிச்சமாகும். முழு அனுமதி விரைவில் கிடைத்தால் காப்புறுதியும் குறையும். முந்திய காப்புறுதி நிறுவனம் தரும், விபத்துக் கோரிக்கை இல்லை என்ற சான்றும் சில இடங்களில் எடுபடும். ஊரில் ஒரு நாள் அலைச்சலில் முடியும் இந்த வேலையை இங்கிருந்துகொண்டு செய்விப்பது மிகக் கடினம்.

சாப்பாட்டுச் செலவு, கவனமாக இருந்தால் கட்டுக்குள் நிற்கும். கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் 13 வீத விற்பனை வரி சேரும். ஆனால் அரிசி, மா, பால், மரக்கறி, இறைச்சி போன்ற அடிப்படை உணவுகளுக்கு அந்த வரி இல்லை, சமைத்த உணவுக்கு உண்டு. மலிவு விலைத் துண்டுப்பிரசுரங்கள் வியாழக்கிழமைகளில் மாறும். பச்சை முருங்கைக்காயும் வெண்டிக்காயும் நம்முடைய கடைகளிலும் விலைதான். இங்கு விளையும் கோவா, கரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு உறையவைத்த தேங்காய்ப்பூவையும் வைத்துச் சமைக்கப் பழகியவர்களின் கட்டணம் பாதியாகக் குறைவதைப் பார்க்கிறேன். என்னை வருத்துவது வேறு: ஒவ்வொரு பொருளையும் ரூபாயில் மாற்றிப் பார்த்து, பழமும் பாலும் வாங்காமல், பாணோடு நாளைக் கழிக்கும் பிள்ளைகள். செலவைக் குறைக்க வேண்டிய இடம் வயிறு அல்ல. முடியாத மாதத்தில் உணவு வங்கிக்குப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம். ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983 முதல் அதற்காகவே இயங்குகிறது.

மருத்துவம் இலவசம் என்ற பேச்சைப் பாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நிரந்தர வதிவிடத்தாருக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது, அது நல்ல செய்தி. ஆனால் ஓஹிப் எனப்படும் மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை வைத்தியரையும் மருத்துவமனையையுமே பெரும்பாலும் கவனிக்கும். நடுத்தர வயதினரின் மருந்துகள், பல், மூக்குக்கண்ணாடி ஆகியன கைப்பணத்தில்தான். கண்ணாடியும் பல் வைத்தியமும் ஊரிலேயே முடித்துவிட்டு வருவது புத்தி. நாள்தோறும் மருந்தெடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கான மருந்தை வைத்தியரின் சீட்டோடு கொண்டுவரலாம்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் வெளியே நிற்பது ஊர்க்கடன். பயணத்துக்கென நகை அடகு வைத்தவர்களும், காணியை ஈடுவைத்தவர்களும், வட்டிக்கு வாங்கியவர்களும் நம்மில் அதிகம். அந்த வட்டி விமானம் ஏறிய நாளிலிருந்து ஓடுகிறது; முதற் சம்பளமோ இரண்டு மூன்று மாதம் கழித்து வரலாம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் இரண்டு வேலைகளை ஏற்று, படிப்பையும் உறக்கத்தையும் இழக்கிறார்கள். புறப்படுமுன்பே குடும்பம் உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கு இங்கிருந்து ஒரு சதமும் வராது என்ற எண்ணத்தில் அந்த வட்டிக்கு வேறு வழி பார்த்துவிட்டால், வந்திறங்கும் பிள்ளையின் தோளிலிருந்து பாதிச் சுமை இறங்கிவிடும். பெற்றோரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வரவேண்டிய பணத்தைப் பிந்தாமல் பெறும் வழியும் உண்டு. நிரந்தர வதிவிட உரிமையோடு பிள்ளைகளுடன் வருபவர்கள், சமூகக் காப்புறுதி இலக்கம் கிடைத்தவுடன், வரி தாக்கல் செய்யும் காலம்வரை காத்திராமல், கனடாப் பிள்ளைகள் நலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையொன்றுக்கு ஆண்டில் 7,997 டொலர் வரையும், 6 முதல் 17 வயதுள்ள பிள்ளைக்கு 6,748 டொலர் வரையும் என நிர்ணயிக்கப்பட்டது; இதற்கு வரியில்லை. வருவதற்கு முந்திய ஆண்டுகளின் வருமானத்தைக் குறிக்கும் புதுக்குடியேறிகளுக்கான இணைப்புப் படிவத்தை விட்டுவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். கோப்புச் சரிபார்க்க மாதங்கள் எடுத்தாலும், தகுதி பெற்ற மாதத்திலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு அனுப்புவார்கள். மாணவர்களும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் இந்தக் கொடுப்பனவுக்கு 18 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். விற்பனை வரி மீளளிப்புக்கென வேறொரு படிவம் உண்டு. அதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வருமானம் ஒரு சதமும் இல்லாத ஆண்டானாலும் அடுத்த ஏப்ரல் 30க்குள் வரி தாக்கல் செய்ய வேண்டும், ஏனெனில் தொடர்ந்து வரும் கொடுப்பனவுகளும், கூட்டரசின் பல் மருத்துவத் திட்டமும் அந்தத் தாக்கலைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறைந்த வருமானமுள்ளோருக்குத் தொண்டர்கள் இலவசமாக வரி தாக்கல் செய்துகொடுக்கும் முகாம்கள் நகரெங்கும் நடக்கின்றன. கடவுச்சீட்டு, வந்திறங்கிய பத்திரம், ஆண்டு முழுவதும் கட்டிய வாடகையின் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு போனால் போதும்.